வாடகை வீட்டில் ஓர் அருங்காட்சியகம்: பல்லிமாரானில் காலிபின் கடைசி முகவரி

பழைய தில்லியில் உருதுக் கவிஞர் மிர்ஸா காலிபின் ஹவேலியை, அதாவது முற்றம் வைத்த பழைய பாணி வீட்டை, பார்த்துவிட்டு வரும் நம்மவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "இவ்வளவுதானா? உள்ளே ஒண்ணுமே இல்லையே!"

சொல்வதில் தப்பில்லை. சாந்தினி சௌக் மெட்ரோவில் இறங்கி, பல்லிமாரானுக்குள் திரும்பி, மூக்குக்கண்ணாடி மொத்த வியாபாரக் கடைகளையும் செருப்புக் கடைகளையும் தாண்டி, கைவண்டிகளுக்கும் ரிக்‌ஷாக்களுக்கும் ஒதுங்கி வழிவிட்டு, காசிம் ஜான் சந்துக்குள் போனால் ஒரு பெரிய மரக்கதவு வருகிறது. அதற்குள் செங்கல் வளைவுகள், ஒரு சிறு முற்றம், ஒட்டியபடி சில அறைகள். கால் மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காலையில் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 'ஏன் இங்கே ஒன்றும் இல்லை?' என்று கேட்கத் தொடங்கினால், தில்லியின் 200 ஆண்டுக் கதை அந்தச் சிறிய வீட்டுக்குள்ளிருந்தே விரிகிறது. தில்லியில் வேறு எந்த நினைவு இல்லத்திலும் எனக்கு இந்த அனுபவம் கிடைத்ததில்லை. நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி இல்லமும், காந்தியின் கடைசி நாட்கள் கழிந்த பிர்லா மாளிகையும், இந்திரா காந்தி வாழ்ந்த சஃப்தர்ஜங் சாலை வீடும் புல்வெளி சூழ்ந்த பெரிய பங்களாக்கள், மூன்றும் 20ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். காசிம் ஜான் சந்து வீடு, வாடகைக்கும் பிறர் தயவிலும் வாழ்ந்த ஒரு கவிஞரின் வீடு. பார்க்கும் விதமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். அசதுல்லா கான் என்ற காலிப் 1797 டிசம்பர் 27இல் ஆக்ராவில் பிறந்தவர். படைவீரர் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே போரில் இறந்தார். எடுத்து வளர்த்த சித்தப்பா நஸ்ருல்லா பேகும் 1806இல் இறந்துபோனார். பதின்மூன்று வயதில் லோஹாரு நவாப் குடும்பத்துப் பெண் உம்ராவ் பேகத்தோடு கல்யாணம். அப்புறம் சில ஆண்டுகளில் தில்லிக்கு வந்தவர், 1869 பிப்ரவரி 15இல் இறக்கும் வரை இந்த ஊர்க்காரராகவே இருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் தில்லியில் வாழ்ந்தும் சொந்தமாக ஒரு வீடு அவர் கட்டவில்லை, வாங்கவும் இல்லை. பெரும்பாலும் பல்லிமாரான் வட்டாரத்திலேயே வீடு மாறி வீடு மாறிக் குடியிருந்தார். அந்த வரிசையில் கடைசி வீடுதான் இப்போது அருங்காட்சியகம். கவிதையில் மனம் பறிகொடுத்த ஒரு ஹகீம், அதாவது யூனானி வைத்தியர், இந்த வீட்டை அவருக்குக் கொடுத்து உதவினார் என்பது வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வருமானக் கணக்கைப் பார்த்தால் சொந்த வீடு ஏன் இல்லை என்பது விளங்கும். சித்தப்பா இறந்த பிறகு குடும்பத்துக்கென்று ஒதுக்கிய ஓய்வூதியத்தில் காலிபின் பங்கு ஆண்டுக்கு 750 ரூபாய், மாதத்துக்கு 62 ரூபாய் 8 அணா. நியாயப்படி இன்னும் அதிகம் வர வேண்டும் என்று வாதாட 1820களின் இறுதியில் கல்கத்தா வரை போனார். ஒன்றும் நடக்கவில்லை. 1850இல் முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபர், தம் முன்னோரான தைமூர் வம்ச வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதச் சொல்லி மாதம் 50 ரூபாய் ஏற்படுத்தினார். கிளர்ச்சி வெடித்த 1857 மே மாதத்தோடு அதுவும் போயிற்று, ஆங்கிலேயர் தந்த ஓய்வூதியமும் நின்றது. 1859இல் ராம்பூர் நவாப் மாதம் 100 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். நின்ற ஓய்வூதியம் 1860இல் திரும்பக் கிடைத்தது. பிரபு வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பும் செலவும் ஒரு பக்கம், இந்தத் தொகை இன்னொரு பக்கம். கடனில்லாமல் அவர் இருந்த காலம் குறைவு.

வீடு மட்டும் வாடகையில்லை. காலிபின் மாணவரும் அவருடைய முதல் பெரிய வாழ்க்கை வரலாற்றை 1897இல் வெளியிட்டவருமான ஹாலி ஒரு தகவல் சொல்கிறார்: காலிப் புத்தகங்களை விலைக்கு வாங்குவதில்லை. புத்தகக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வரச் செய்வார், படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆக, அவர் படித்த நூலகம் என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்க எதுவும் மிஞ்சவில்லை.

கவிதைக் கையெழுத்துப் படிகளாவது? தன் கவிதைகளைத் தானே சேர்த்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியவர்களான ஜியாவுத்தீன் அகமது கானும் ஹுசைன் மிர்ஸாவும் எழுதி வாங்கித் தங்கள் வீட்டு நூலகங்களில் வைத்திருந்தார்கள். 1857 செப்டம்பரில் ஆங்கிலப் படை நகரைத் திரும்பப் பிடித்தபோது நடந்த கொள்ளையில் அந்த இரண்டு நூலகங்களும் அழிந்தன. அதற்குப் பிறகு ஒரு நாள், குரல் வளமுள்ள பிச்சைக்காரர் ஒருவர் காலிபின் கஜல் பாடல் ஒன்றை எங்கிருந்தோ எழுதி வாங்கி வந்து காட்டியதாகவும், அந்தத் தாளைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்துவிட்டதாகவும் காலிப் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். எழுதியவனுக்கே தன் கவிதை தெருவில் பாடுகிறவர் கையிலிருந்து கிடைக்கிறது! இதைப் படித்த பிறகு அந்த வீட்டின் வெறும் மாடங்களைப் பார்க்கும்போது 'ஒண்ணுமே இல்லையே' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உலகம் போற்றும் அந்தக் கஜல்களை எல்லாம் இந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கால வரிசை அப்படி இல்லை. அவருடைய உருதுக் கவிதைத் தொகுப்பு முதன்முதலில் அச்சானது 1841இல். நாம் கேட்டு மயங்கும் பாடல்களில் நிறைய, அவர் இளைஞராக இருந்தபோது எழுதியவை. இந்த வட்டாரத்தில் அவர் முதுமையைக் கழித்த ஆண்டுகளின் பெரிய விளைச்சல் கடிதங்கள். உருது உரைநடையையே மாற்றிப்போட்ட கடிதங்கள் அவை.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. 1854இல் அஞ்சல் துறை நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் கொண்டுவந்தது. எடை குறைந்த கடிதம் ஒன்று எவ்வளவு தூரம் போனாலும் அரை அணாதான். 1857க்குப் பிறகு நண்பர்கள் சிலர் தூக்கில் போனார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள். எஞ்சியவர்கள் மீரட், ஆக்ரா, லோஹாரு, ராம்பூர் என்று சிதறிக் கிடந்தார்கள். வெளியே போய்ப் பார்க்க ஆளுமில்லை, போக இடமுமில்லை. தபால்காரர் ஒருவர்தான் உலகத்துக்குக் கதவு. அந்தக் காலத்துக் கடிதம் என்றால் முதல் பக்கம் முழுக்க 'மகா கனம் பொருந்திய' என்பது போன்ற அடைமொழிகள் இருக்கும். காலிப் அதையெல்லாம் தூக்கியெறிந்தார். 'என்னப்பா, எப்படி இருக்கிறாய்' என்கிற தோரணையில் நேராகப் பேச்சைத் தொடங்கினார். கடிதத்தையே உரையாடலாக மாற்றிவிட்டேன் என்று அவரே ஓரிடத்தில் பெருமையாகச் சொல்கிறார். இந்தக் கடிதங்களின் முதல் தொகுப்பு 1868இல் வந்தது, இரண்டாவது 1869இல் அவர் இறந்த சில வாரங்களில் வந்தது.

அந்த வீடுகளில் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைக் கட்டடத்தைவிட இந்தக் கடிதங்களே நன்றாகச் சொல்கின்றன. லோஹாரு குடும்பத்து அலாயிக்கு எழுதிய கடிதம் ஒன்று. மழைக்காலம், அப்போது குடியிருந்த வாடகை வீட்டைப் பற்றிய புலம்பல். பெண்கள் பகுதியின் சுவர்கள் விழுந்துவிட்டன என்கிறார், கழிப்பறை இடிந்துவிட்டது, கூரை எங்கும் ஒழுகுகிறது. உன் அத்தை 'ஐயோ நசுங்கினேன், ஐயோ செத்தேன்' என்று கத்துகிறாள் என்கிறார். உம்ராவ் பேகம் அலாயிக்கு அத்தை முறை. ஆண்கள் பகுதியின் நிலைமை அதைவிட மோசம். சாவுக்கு நான் பயப்படவில்லை, நிம்மதியில்லாமல் போனதுதான் தாங்கவில்லை. கூரை சல்லடையாகிவிட்டது, மேகம் இரண்டு மணி நேரம் பெய்தால் கூரை நான்கு மணி நேரம் பெய்கிறது. வீட்டுக்காரர் பழுது பார்க்க நினைத்தாலும் எப்படிப் பார்ப்பார்? மழை விட்டால்தானே? அப்படியே வேலை தொடங்கினாலும் நடுவில் நான் எங்கே உட்காருவேன்? ஆகவே மழைக்காலம் முடியும் வரைக்கும் உங்கள் குடும்பத்து வீடு ஒன்றைக் கேட்டு வாங்கித் தா என்று முடிக்கிறார்.

இரண்டு மணி நேர மழைக்கு நான்கு மணி நேர ஒழுகல் என்பது அழகுக்குச் சொன்ன வாக்கியம் மட்டுமில்லை. பழைய தில்லி வீடுகளின் கூரை அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு அது நேரில் கண்டது போல இருக்கும். மர உத்திரங்கள், அவற்றின் மேல் கல் பலகை அல்லது மரப்பலகை, அதற்கும் மேல் கனமாக மண், எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்புத் தளம். நம் ஊரில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இடித்த மெட்ராஸ் தார்சுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். மேல்தளம் வெடித்துவிட்டால் மழைநீர் முழுவதையும் அந்த மண் அடுக்கு குடித்து வைத்துக்கொள்ளும். வானம் வெளுத்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கொருமுறை மேல்தளத்தைப் பார்த்துப் பூசினால் நூறு ஆண்டு தாங்கும், ஐந்தாறு ஆண்டு கவனிக்காமல் விட்டால் அவ்வளவுதான். 1857க்குப் பிந்தைய தில்லியில் வீட்டுக்காரர்களே ஒன்றுமில்லாமல் நின்றார்கள், கூரையை யார் பார்ப்பது?

சுவர்களும் அப்படித்தான். இந்த வீட்டில் இப்போதும் பார்க்கலாம்: ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தடிமனில், உள்ளங்கைக்கு அடங்கும் மெல்லிய செங்கற்கள். லாகோரி செங்கல் என்று பெயர். அவற்றைச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் வைத்துக் கட்டுவார்கள். சின்னச் செங்கல் என்பதால் வளைவு, மாடம், தூண் எல்லாம் வளைத்து நெளித்துக் கட்ட வசதி. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். இதே சுவரின் மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசினார்கள் என்றால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிந்து உதிரும். பழைய தில்லியில் நூற்றுக்கணக்கான வீடுகள் இப்படித்தான் கெட்டன.

சரி, 1857இல் மற்ற இடங்கள் கொள்ளை போனபோது இந்தச் சந்து மட்டும் எப்படித் தப்பியது? அதற்குப் பதில் நம் தில்லித் தமிழர்கள் தினமும் சொல்லும் ஒரு பெயரில் இருக்கிறது. கரோல் பாக்கில் குடியிருந்தவர்கள், அங்கே போய்த் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்கள், எல்லோருக்கும் அஜ்மல் கான் ரோடு தெரியும். அந்த ஹகீம் அஜ்மல் கான் பிறந்து வளர்ந்தது இதே பல்லிமாரானில், ஷரீஃப் மன்ஜில் என்ற வீட்டில். காங்கிரஸ் தலைவராக இருந்தவர், கரோல் பாக்கின் திப்பியா மருத்துவக் கல்லூரியையும் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக யூனானி வைத்தியம் பார்த்தது. பட்டியாலா மகாராஜாவும் அவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். 1857இல் பட்டியாலா ஆங்கிலேயர் பக்கம் நின்றது. வைத்தியர் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மகாராஜா கேட்டுக்கொண்டபடி, பட்டியாலாப் படைவீரர்கள் இந்தத் தெருவுக்குக் காவல் நின்றார்கள். அஜ்மல் கானின் தந்தை மஹ்மூத் கான் அப்போது அங்கே இருந்தார். அதே காவலில், அதே தெருவில் குடியிருந்த காலிபும் தப்பினார். கொஞ்ச தூரம் தள்ளி வேறு வீட்டில் இருந்த, மனநலம் குன்றிய தம்பி யூசுஃப் அந்த அக்டோபரில் இறந்தார். நல்லடக்கம் செய்யக்கூட ஆள் கூட்ட முடியாத நிலை.

பிறகு வந்த ஆண்டுகளில் செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையே இருந்த குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் தரைமட்டமாயின. முஸ்லிம்கள் நகருக்குள் திரும்பி வரவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ரயில் பாதை நகரின் ஊடே வந்தது. அந்த மாற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடிதத்தில் பதிந்துவைத்தார் காலிப். எந்தக் கிணறு உப்பாகிவிட்டது, எந்தக் கடைத்தெரு போய்விட்டது என்பது வரை அதில் உண்டு. தில்லியின் அழிவுக்கு இவ்வளவு நெருக்கமான சாட்சி வேறு இல்லை என்றே சொல்வேன். காசிம் ஜான் சந்து வீட்டை நான் மதிப்பதற்கு அவருடைய கவிதையைவிட இந்தச் சாட்சியம்தான் பெரிய காரணம்.

1869இல் காலிப் போனார், அடுத்த ஆண்டே உம்ராவ் பேகமும் போய்விட்டார். பிறந்த ஏழு குழந்தைகளும் பச்சிளம் பருவத்திலேயே இறந்தவை. மகனாக நினைத்து வளர்த்த, மனைவியின் உறவுப் பையன் ஆரிஃபும் 1852இலேயே இறந்துவிட்டார். இடமோ வேறொருவருடையது. பிறகு அந்த வீட்டைக் கவிஞரின் வீடாகக் காப்பாற்ற யாருக்கு உரிமை, யாருக்குக் கடமை?

அங்கிருந்து 1999 வரைக்கும் நடந்தது பழைய தில்லியின் ஹவேலிகள் அனைத்துக்கும் பொதுவான கதை. பிள்ளைகள் பாகம் பிரிக்கப் பிரிக்க முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. 1947இல் ஒரு பகுதி மக்கள் பாகிஸ்தான் போனார்கள், அங்கிருந்து வந்த அகதிகள் காலியான இடங்களில் குடியேறினார்கள். ஏராளமான வீடுகள் அரசின் பொறுப்புக்கும் போயின. 1956இன் குடிசைப்பகுதிச் சட்டத்தின் கீழ் மதிலுக்குட்பட்ட நகரமே சேரிப்பகுதியாகக் கருதப்பட்டது. ஷாஜஹான் கட்டிய தலைநகருக்குச் சட்டம் கொடுத்த பெயர் அது! அப்புறம் 1958இன் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம்தான். ஆனால் வாடகை பல தலைமுறைக்கு அப்படியே நின்றுவிட்டதால் கூரை பூசக்கூட வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. வீடு விழுந்தால்தான் குடித்தனம் காலியாகும் என்ற நிலையில், விழட்டும் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், மொத்த வியாபாரம் பெருகியபோது குடியிருப்பைவிடக் கிடங்குக்கும் கடைக்கும் பணம் அதிகம் கிடைத்தது. சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் மாளிகை பகீரத் பேலஸ் என்ற பெயரில் மின்சாமான் சந்தையானது. 1916இல் நேருவின் திருமணம் நடந்த சீதாராம் பஜாரின் ஹக்ஸர் ஹவேலி பாழடைந்து போனது. ஒரு நாட்டின் முதல் பிரதமருடைய கல்யாண வீட்டுக்கே அந்தக் கதி என்றால், குடித்தனக்காரக் கவிஞரின் வீட்டுக்குள் கடைகள் வந்ததில் என்ன அதிசயம்?

1969இல் காலிப் நூற்றாண்டு நினைவு நாடெங்கும் பெரிதாகக் கொண்டாடப்பட்டது. நிஜாமுதீனில் அவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் காலிப் அகாதெமி வந்தது, குடியரசுத் தலைவர் ஜாகிர் ஹுசைன் அதைத் திறந்து வைத்தார். நகரின் நடுவே காலிப் இன்ஸ்டிட்யூட் எழுந்தது. இரண்டும் உருது ஆய்வுக்கு நல்ல தொண்டு செய்த நிறுவனங்கள். ஆனால் அந்த உற்சாகத்தில்கூட காசிம் ஜான் சந்து வீட்டை மீட்க முடியவில்லை. புதுக் கட்டடம் கட்டுவதற்கு நிலமும் நிதியும் போதும். பழைய வீட்டை மீட்க, உள்ளே கடை வைத்திருப்பவரோடு பேச வேண்டும், மாற்று இடம் தர வேண்டும், பத்திரத்தில் பெயருள்ள ஒவ்வொருவரையும் தேட வேண்டும். விழாக் குழுக்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை இருப்பதில்லை.

தொல்லியல் சட்டத்தைக் கொண்டு காப்பதும் இது போன்ற இடத்தில் எளிதில்லை. 1958இன் நினைவுச் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். பல்லிமாரான் மாதிரி இடத்தில் 100 மீட்டர் என்றால் எத்தனை கடை, எத்தனை குடும்பம்! ஒரு கவிஞரின் பெயரால் தெருவையே முடக்கினால் அந்தத் தெருவே கவிஞரை வெறுக்கும். ஆகவே தில்லி அரசு 1999இல் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் கையகப்படுத்தி, லாகோரி செங்கல்லும் மணற்கல்லும் மரக்கதவுமாகப் பழைய சாயலில் புதுப்பித்து, 2000ஆம் ஆண்டின் இறுதியில் நினைவில்லமாகத் திறந்தது. கிடைத்தது முழு ஹவேலி இல்லை, ஒரு துண்டு. சுற்றிலும் வியாபாரம் அப்படியே நடக்கிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. காலிப் இருந்தபோதும் அது ஆள் நடமாட்டமுள்ள சந்துதான், மசூதிக்குப் பக்கத்தில் வீடெடுத்துக் கடவுளுக்கே அண்டை வீட்டுக்காரன் ஆகிவிட்டேன் என்று ஒரு கவிதையில் அவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமான சந்து.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்? ஹூக்கா பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் காலிப் உருவம், அவர் கால பாணியில் உடைகள், பாத்திரங்கள், சொக்கட்டான், சதுரங்கம், சுவரெங்கும் கவிதை வரிகள், கடிதங்களின் நகல்கள். சிற்பி பகவான் ராம்புரே செய்த மார்பளவுச் சிலை 2010இல் வந்தது. கவிஞர் குல்ஜார் முன்னின்று செய்வித்துக் கொடுத்தது. பொருள்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தை நினைவூட்ட வைத்தவை, காலிப் கைபட்டவை அல்ல. இதை அங்கேயே தெளிவாக ஒரு பலகையில் எழுதி வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம். பார்ப்பவர் ஏமாற மாட்டார், ஏன் அசல் பொருள் இல்லை என்ற கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம். வாடகைப் புத்தகம், கொள்ளை போன நூலகங்கள், பிச்சைக்காரர் கையிலிருந்த தாள், ஒழுகிய கூரை என்று சொல்ல அத்தனை இருக்கிறது. உருவப் பொம்மை ஒன்று இதில் எதையும் சொல்லாது. அலாயிக்கு எழுதிய அந்த மழைக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் முற்றத்துச் சுவரில் வைத்து, பக்கத்திலேயே கூரையின் குறுக்குவெட்டை வரைந்து காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து நம்மவர்கள் சுவரிலிருக்கும் உருதுவை அப்படியே படித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு இந்தி, ஆங்கில வரிகளைத் தாண்டி ஒரு கையேடு பல மொழிகளில் இருந்தால் போதும், தமிழும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் பாரதி நினைவு வராமல் போகாது. திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் 1921 செப்டம்பரில் பாரதியார் இறந்த வீடும் வாடகை வீடுதான். அவருடைய எழுத்துக்கள் 1949இல் மக்கள் சொத்தாயின. அவர் இறந்த வீட்டை அரசு வாங்கியதோ 1993இல். கவிதைக்கும் வீட்டுக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டு இடைவெளி. அதே திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் சொந்தமாக வாங்கி, சுவடிகளோடு வாழ்ந்து, 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்த வீடு 2012இல் இடிக்கப்பட்டது. குடியிருந்தவர் வீடு நிற்கிறது, சொந்தக்காரர் வீடு போய்விட்டது. ஆக, ஒரு வீடு பிழைப்பதற்கும் பத்திரத்தில் யார் பெயர் இருந்தது என்பதற்கும் சம்பந்தமில்லை. வீடு கைமாறுகிற அந்தச் சில மாதங்களில் அரசோ ஊராரோ குறுக்கே வந்து நின்றார்களா என்பதுதான் கணக்கு. தில்லியில் 1999இல் நின்றார்கள்.

தில்லித் தமிழரின் வாழ்க்கையும் பெரும்பாலும் வாடகையிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸிலுமே கழிந்தது என்பதால் இந்த வீடு எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கரோல் பாக்கின் மாடி அறைகள், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் வீடுகள். வாசலில் கோலம், பால்கனியில் வடகம், வெள்ளிக்கிழமை பஜனை என்று முப்பது முப்பத்தைந்து ஆண்டு இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். 2016இல் மத்திய அமைச்சரவை ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் கொடுத்தது, இந்த மூன்று பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வீடுகளில் எதையும் அருங்காட்சியகமாக வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து எழுதிய இன்லாண்டு லெட்டர்கள் இன்னும் கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் பெட்டிகளில் இருக்கின்றன. 'இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கரி அடுப்பு வாங்கினோம், குவார்ட்டர்ஸ் இன்னும் அலாட் ஆகவில்லை, அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் என் நமஸ்காரம்' என்கிற மாதிரி கடிதங்கள். குடித்தனக்காரர்களின் வரலாறு வேறு எங்கும் எழுதப்படுவதில்லை. பழைய பேப்பரோடு போடுவதற்கு முன்னால் அவற்றைப் படம் எடுத்தாவது வையுங்கள். சேர்த்து வைக்க தில்லியிலேயே தமிழ் அமைப்புகள் இருக்கின்றன, கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ஹவேலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. திங்கட்கிழமை விடுமுறை, நுழைவுக் கட்டணம் கிடையாது. சாவ்ரி பஜார் மெட்ரோவிலிருந்தும் நடந்து வரலாம், சாந்தினி சௌக்கிலிருந்தும் வரலாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சற்றுக் குறைவு. டிசம்பர் 27ஐ ஒட்டிப் போனால் கவியரங்கம் ஏதாவது நடக்கும். போவதற்கு முந்தின நாள் அவருடைய கடிதங்களில் பத்துப் பக்கம் படித்துவிட்டுப் போங்கள், இந்தியிலும் ஆங்கிலத்திலும் எளிதாகக் கிடைக்கின்றன. வீட்டைப் பார்த்த பிறகு நேரமிருந்தால் கொஞ்சம் நடந்து ஷரீஃப் மன்ஜில் வாசலையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1857இல் பட்டியாலா வீரர்கள் யாருக்காகக் காவல் நின்றார்களோ, அந்தக் குடும்பத்தின் வீடு அது.